இரண்டரை விநாடி

வரவில்லை. பதினோராவது தடவையும் வரவில்லை. ஹெட்போனில் மூன்று பீப் விழுகிறது, அடுத்தது விழ வேண்டிய இடத்தில் திரையில் என் வாய் திறக்கிறது, இங்கே மைக் முன்னால் நானும் திறக்கிறேன், வெளியே வருவது வேறு ஏதோ. அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது, இருபத்தைந்து வருஷமாகக் கைவசம் இருக்கிற அம்மா அழுகை, தொண்டையில் கொஞ்சம் மணல், கடைசியில் கொஞ்சம் உடைசல். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்பராஜ் சொல்கிறான், "அக்கா, சிங்க் எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா அது இல்லக்கா." அது இல்லை என்று எனக்குத் தெரியாதா. சவுண்ட் இன்ஜினியர் அவன், அவன் காதில் விழுவதற்கு முன்னால் என் வயிற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. திரையில் இருக்கிற பொம்பளை நான்தான். போன ஆவணியில் செங்கம் பக்கம் ஒரு கம்பங்கொல்லையில் ஷூட்டிங், செத்த மகனை லாரியிலிருந்து இறக்குகிறார்கள், நான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டரை விநாடி ஒரு சத்தம். அன்றைக்கு ஒரே டேக். சத்தம் முடிந்த பிறகு யாரும் கட் சொல்லவில்லை, வெளிச்சத்துக்குத் தெர்மகோல் பிடித்துக்கொண்டிருந்தவர் கையைக் கீழே இறக்கிவிட்டார், டைரக்டர் நவநீதன் ஓடி வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ஆனால் பக்கத்துக் கொல்லையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த மிஷின் இரைச்சல் முழுக்க ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த ட்ரெய்லரில் மேலே இசையைக் கொட்டி அந்த இரைச்சலை மட்டும் மறைத்திருக்கிறார்கள். படத்தில் அந்த இடத்தில் இசை கிடையாது, உங்க குரல் மட்டும்தான் மேடம் என்று நவநீதன் காலையில் சொன்னான். வெறும் என் குரல். என் குரல் என்று அவன் சொன்னபோது நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், திருகிக்கொண்டே இருந்தேன், புரி பிடிக்கவே இல்லை.

தண்ணீர் குடிக்கிறேன். ஏசி குளிர் முழங்காலில் ஏறுகிறது. சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டிய இந்தச் சின்ன அறைகளில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், சாலிகிராமத்தில் இந்தத் தெருவில் மட்டும் நாலு டப்பிங் தியேட்டர், நாலிலும் என் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், நான் நின்றுகொண்டே அழுதிருக்கிறேன், அழுது முடித்துவிட்டு வவுச்சரில் அங்கயற்கண்ணி என்று முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முப்பத்தி நாலு வயதில் முதல் அம்மா. அதற்கு முன்னால் மதுரையில் பதினைந்து வருஷம் மேடை, அங்கே நான் ராணி, சூனியக்காரி, ஒரு தடவை கிழட்டு நீதிபதி, சினிமாவுக்கு வந்ததும் அம்மா, பிறகும் அம்மா. மேடையில் கற்றது ஒன்றே ஒன்று, பார்த்ததை எடுத்துக்கொள்வது. அப்பா இருமும்போது கடைசியில் ஒரு சின்ன மன்னிப்பு மாதிரி கனைப்பார், அதை எடுத்து ஒரு பிச்சைக்காரிக்குக் கொடுத்தேன், மறுநாள் பேப்பரில் அந்தப் பிச்சைக்காரியைப் பற்றி இரண்டு வரி வந்தது. அப்பா படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். என் வீட்டுக்காரர் இறந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில், நாடகங்களுக்கு லைட் போட்ட மனுஷன், எனக்கு லைட் போட்டுப் போட்டே என்னைக் கட்டிக்கொண்டவர், நர்ஸ் வந்து கையைத் தொட்டதும் நான் அழ ஆரம்பித்தேன், ஆரம்பித்த நிமிஷமே ஒரு பக்கம் இன்னொருத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வலது கை ஏன் சேலையைத் தேடுகிறது, நாக்கு ஏன் மேல் அண்ணத்தில் ஒட்டுகிறது, குறித்துக்கொள், குறித்துக்கொள். அன்றைக்கு அழுதவள் யார் என்று ஆறு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. பார்த்தவளை நன்றாகத் தெரியும். அவள்தான் வாரத்தில் மூன்று நாள் நடிப்புப் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போகிறவள்.

"அக்கா, போலாமா?" போகலாம். பீப், பீப், பீப். வாய் திறக்கிறது. இல்லை. இன்பராஜ் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஓட்டுகிறான். பூபதியும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் மறுபடி செய்தான். நினைக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமையிலிருந்து நான் ஒதுக்கி ஒதுக்கி வைக்கிற பெயர், இந்த இருட்டில் சுலபமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஊர், இருபத்திமூன்று வயது, நடிப்புப் பள்ளியில் என் வகுப்பில் கடைசி வரிசை, வாயைத் திறந்தால் மூன்று வார்த்தை. போன வருஷம் தை மாதம். மொட்டைமாடிக் கொட்டகையில் பதினாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உங்க வாழ்க்கையில நீங்க பாத்த ஒரு ஆளா ரெண்டு நிமிஷம் இருங்க, நடிக்காதீங்க, இருங்க, என்று நான் எல்லா வருஷமும் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னேன். ஒருத்தி அவள் வீட்டுக்காரம்மா மாதிரி இருந்தாள், ஒருத்தன் கண்டக்டர் மாதிரி இருந்தான், எல்லோரும் சிரித்தார்கள். பூபதி எழுந்து வந்து, "எங்கம்மா மேடம். தம்பி குவாரித் தண்ணியில போனப்போ" என்றான். தரையில் உட்கார்ந்தான். இடது கையைப் பாறையில் ஊன்றுகிற மாதிரி ஊன்றினான். கீழே பார்த்தான். அப்புறம் அந்தச் சத்தம். எனக்கு முதுகில் ஈரமான துணி போட்ட மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அழுகை என்றால் வெளியே போகும். இது உள்ளே போனது. மூச்சு உள்ளே இழுபடும்போது அதோடு குரலும் இழுபட்டுத் தொண்டைக்குள் விழுகிறது, விழுந்ததும் நிற்கிறது, பிறகு மறுபடி. அது எப்படி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் என் சாபம். புரிந்தும் போதவில்லை. "பூபதி, பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியல. இன்னொரு தடவை பண்ணு" என்றேன். பின்னாடி யாருமே இல்லை. வட்டத்தில் பின்னாடி ஏது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுச் செய்தான். நான் அவன் கழுத்தைப் பார்த்தேன், விலா எலும்பைப் பார்த்தேன். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை அவன் நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று, மூன்று ஆயிற்று, யாரோ ஒரு பெண் பயத்தில் சிரித்தாள், நான் கையைத் தட்டினேன், போதும் பூபதி என்றேன், தோளைப் பிடித்து உலுக்கினேன், தோள் மரக்கட்டை மாதிரி இருந்தது. நின்றதும் நான் எல்லோரையும் பார்த்து, "இதுதான் நடிப்பு" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் ஊன்றியிருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், கல் ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் போன் பண்ணினேன். "ஊருக்கு வந்துட்டேன் மேடம். கொஞ்சம் வேலை இருக்கு." எப்ப வருவே என்றேன். "வரேன் மேடம்" என்றான். வருகிறேன் என்று சொன்னவனை விட்டுவிட்டேன், பள்ளியில் அட்டெண்டன்ஸில் மாதம் முழுக்க ஆப்சென்ட் போட்டு, பிறகு பெயரையே அடித்தார்கள், அந்தச் சிவப்புக் கோட்டை நான்தான் போட்டேன், ஸ்கேல் வைத்து. ஆவணியில் செங்கம். அது தானாக வந்தது என்றுதான் பேட்டியில் சொல்லியிருக்கிறேன், எங்கிருந்தோ வந்தது, அந்த அம்மாவோட வலி எனக்குள்ள புகுந்துடுச்சு. பொய். காலையில் வேனில் போகும்போதே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தொண்டைக்குள் ஒத்திகை பார்த்தேன், டிரைவருக்குக் கேட்காமல், உள்ளே இழுத்து, நிறுத்தி, உள்ளே இழுத்து. பாத்திரத்துக்கு அது பொருந்தும் என்று அளவு பார்த்தேன், ஜாக்கெட் அளவு பார்க்கிற மாதிரி. ஒரு நிமிஷம்கூட அந்தத் தாயை நினைக்கவில்லை, முகம் தெரியாத அந்தப் பொம்பளையின் அடிவயிற்றிலிருந்து மகன் எடுத்தான், மகனிடமிருந்து நான் எடுத்தேன், என்னிடமிருந்து நவநீதன் எடுத்தான், நாப்பது லட்சம் பேர் பாத்திருக்காங்க மேடம் என்கிறான், அந்த நாற்பது லட்சத்தில் வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு வீடும் இருக்கலாம். இருக்கலாம். அதனால்தான் வரமாட்டேன் என்கிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. "அக்கா, ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்கிறான் இன்பராஜ். நல்ல பையன். குரலில் இரக்கம், இரக்கம் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் முடிந்தது.

வெளியே மாடிப்படிக்குக் கீழே வெயில் வெள்ளையாக அடிக்கிறது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாகத் தொடாத அந்த நம்பரை நானே அழுத்தினேன். ஏன் அழுத்தினேன். திட்டட்டும் என்றா, திட்டமாட்டான் என்றா. அவன் பார்க்கவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகப் போய் டேக் கொடுத்துவிடலாம் என்றுதான், வேறென்ன. ஒரு பெண் குரல் எடுத்தது. "ஆரு?" பூபதி இருக்கானா என்றேன், மெட்ராஸ்ல அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர் என்றேன். "டீச்சரம்மாவா? நான் அவன் அம்மா, பச்சையம்மா பேசறேன். வூட்லதாம்மா கீறான். பேசமாட்டான். வெள்ளிக்கெழமைலேர்ந்து ஆருகிட்டயும் பேசல." அவள் சொன்னாள், "பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல நீங்க அழுவற படத்தக் காட்டிச்சிம்மா. நான் அடுப்பாண்ட இருந்தேன். சத்தம் கேட்டதும் பூபதின்னு திரும்பிப் பாத்தேன். அவன் சோறு துன்னுனு இருந்தான், வாயி மூடிக்கினு கீது, சத்தம் மட்டும் வருது." எனக்கு விளங்கவில்லை. அது உங்களுடைய சத்தம்தானே என்றேன், தம்பி இறந்தபோது நீங்கள் அழுதது, அவன் அப்படித்தான் சொன்னான் என்றேன். சொல்லும்போதே பாதி நியாயம் பேசுகிற குரல் வந்துவிட்டது எனக்கு. கொஞ்ச நேரம் அங்கே ஏதோ பாத்திரம் உருள்கிற சத்தம். "நான் அங்க இல்லியேம்மா" என்றாள். "நானும் அவங்கப்பாவும் சூளை வேலைக்குத் திருவள்ளூர் பக்கம் பூட்டோம். சேதி வந்து பஸ் புடிச்சி வரதுக்குள்ள சின்னவனப் பொதச்சிட்டாங்க. நான் பாக்கவே இல்ல. பூபதிதான் கூட இருந்தான். பதினோரு வயசு. தண்ணிக்கு மேல பாறைல குந்திக்கினு அந்த சத்தத்தப் போட்டுனே இருந்திருக்கான். கத்தத்தான் பாத்திருக்கான், அவனுக்கு வெளிய வரல. மேல ரோட்டுல ஆளுங்க போயிருக்காங்க. ஆடு எதுவோ கத்துதுன்னு நெனச்சிக்கினாங்களாம். ஒருவாட்டி சத்தம் போட்டு, ஆராச்சும் வராங்களான்னு கேட்டுப் பாத்து, மறுவாட்டி போட்டு. ரொம்ப நேரங்கழிச்சிதாம்மா ஒருத்தரு எட்டிப் பாத்தாரு."

டீ கையில் சுட்டுக்கொண்டிருந்தது, சுடுகிறது என்று தெரிந்தது, இறக்கி வைக்கத் தோன்றவில்லை. அழுகை இல்லை அது. ஆளைக் கூப்பிட்டது. 'அம்மா' என்று அவன் சொன்னது, 'நான்' என்று சொல்ல முடியாததால். நான் இன்னொரு தடவை என்றேன், பதினோரு வயதுப் பையனைப் பாறையில் உட்காரவைத்து, மேலே ரோட்டில் நின்று, இன்னொரு தடவை கூப்பிடு பார்க்கலாம் என்றேன். மூன்று தடவை. "ஒரு வருசம் இருந்துச்சி அந்த சத்தம்" என்று பச்சையம்மா சொல்லிக்கொண்டு போனாள், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவள் போல அவசரமில்லாமல், "அப்பறம் நின்னுபோச்சி. மறந்துட்டான்னுதான் இருந்தோம். மெட்ராஸ்லேர்ந்து திரும்பி வந்தப்பறம் மறுபடியும் தூக்கத்துல வருது. நான் வாயப் பொத்தி மடில போட்டுக்கினு இருப்பேன். ஏம்மா, அது உங்களுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சிது?" நான் பதில் சொன்னேனா. ஏதோ சொன்னேன், வகுப்புல, பாடத்துல என்று இரண்டு சொல். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. "அந்த சத்தத்த மட்டும் எடுத்துடச் சொல்லுவீங்களாம்மா? தியேட்டர்ல பெரிசா கேக்குமே. ஊரே போவும்." சொல்கிறேன் என்றேன். போனை அவனிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தாள், அவன் காதில் வைத்திருப்பாள், மூச்சு கேட்டது, சாதாரண மூச்சு. பூபதி என்றேன். மூச்சு கேட்டது. பிறகு அவள் குரல், "பேசமாட்டான்மா, நான்தான் சொன்னேனே."

நவநீதன் கன்ட்ரோல் ரூமில் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் கமெண்ட் படித்துக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வயது, முதல் படம், கண்ணுக்குக் கீழே இரண்டு வருஷத் தூக்கம் கறுத்துக் கிடக்கிறது, இவனும் யாருக்கோ பிள்ளை. "அந்த சத்தம் வேண்டாம் நவநீதன்" என்றேன். "அவ சும்மா இருக்கட்டும். வாய் திறக்கட்டும், சத்தமே வேண்டாம்." அவன் சிரிக்கவில்லை. "மேடம், அதான் மேடம் படமே." என்னால முடியாது என்றேன். அது என்னுது இல்ல, ஒரு பையனோடது என்றேன். எந்தப் பையன் என்று கேட்டான், என் ஸ்டூடண்ட் என்றேன், மேலே சொல்ல வாய் எடுத்தேன், பாறையும் தண்ணீரும் தொண்டை வரை வந்தன, வந்ததைச் சொல்லியிருந்தால் இவனும் ஒரு நிமிஷம் கலங்கியிருப்பான், கலங்கிவிட்டு அதையும் குறித்துக்கொண்டிருப்பான், என்னைப் போல. சொல்லவில்லை. "அவ்வளவுதானே மேடம், டைட்டில்ல அவருக்கு நன்றி போட்டுடலாம். பேர் சொல்லுங்க" என்று மவுஸை நகர்த்தினான். பேர் வேண்டாம் என்றேன். அவன் இன்பராஜைப் பார்த்தான், இன்பராஜ் மானிட்டரைப் பார்த்தான். "உங்களுக்குத் தொண்டை சரியில்ல மேடம். நீங்க ரெஸ்ட் எடுங்க. ஹேமாவதி அக்கா மேல் மாடியிலதான் இருக்காங்க, அந்த ஒரு லூப் மட்டும் அவங்க பண்ணட்டும், ட்ரெய்லர்ல இருக்கறதக் கேட்டா அப்படியே பிடிச்சிடுவாங்க." மரியாதையாகத்தான் சொன்னான். முடியாது என்று சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு லேசான பெருமைகூட வந்தது, நாற்பது வருஷத்தில் முதல் தடவை ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் விடுகிறேன் என்று. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி, தெருவில் ஆட்டோவுக்குக் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் கைப்பை உள்ளே இருப்பது தெரிந்தது.

திரும்பி வந்தபோது ஹேமாவதி மைக் முன்னால் நின்றாள். இருபத்தைந்து வருஷமாகக் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கிறவள், என்னைவிட ஆறேழு வயசு சின்னவள், முழங்கால் வலி, கையில் அவளுடைய வெந்நீர் டம்ளர். ட்ரெய்லரை நாலு தடவை கேட்டாளாம். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. அழகான குரல், எங்கேயும் பிசிறில்லை. தப்பு. வெளியே விட்டாள். மறுபடி செய்தாள், நடுவில் ஒரு விக்கல் வைத்தாள், இன்னும் தப்பு, நூறு படத்தில் கேட்ட அம்மா. நவநீதன் தலையைச் சாய்த்துக் கேட்டான், "கிட்டத்தட்ட வந்துடுச்சில்ல இன்பா?" என்றான், அவனுக்கு வேறு வழியில்லை, நாளைக்கு மிக்ஸிங். கிட்டத்தட்ட. பையை எடுத்தேன். நல்லது. இதுதான் நல்லது. இப்படியே ஓகே ஆகிவிட்டால் தியேட்டரில் யாருக்கும் எதுவும் கேட்காது, ஊரே போனாலும் கேட்காது, பச்சையம்மா திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. நான் செய்ய வேண்டியதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு போவது. திரையில் என் முகம் பெரிதாக நின்றது, வாய் திறந்திருந்தது, அந்த வாயிலிருந்து ஹேமாவதியின் விக்கல் வந்துகொண்டிருந்தது, பொருந்தவில்லை, விலா எலும்பு ஒரு பக்கம் போகிறது சத்தம் ஒரு பக்கம் போகிறது, யாரோ என் முகத்தில் வேறு யாருடைய பல்செட்டையோ வைத்த மாதிரி. ஹேமாவதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கா, இருக்கீங்களா? இதை எப்படிக்கா பண்ணீங்க? எனக்கு எங்கயோ இடிக்குது." இன்பராஜ் திரும்பினான். நவநீதன் திரும்பவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். தெரியல ஹேமா என்று சொல்லலாம். அதுவா வந்துச்சு ஹேமா என்று பேட்டியில் சொன்னதையே சொல்லலாம். என் கை போய், மைக் அறைக்குள் பேசுகிற பட்டனை அழுத்தியது. "மூச்சை வெளிய விடாதே. உள்ள இழுக்கும்போதே குரலும் உள்ள போகணும்" என்றேன். வகுப்புக் குரல், நிதானமான குரல், கேட்கிறவர்களுக்குத் தைரியம் கொடுக்கிற குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பீப், பீப், பீப். வந்தது. இன்பராஜின் கை ஃபேடர் மேல் அப்படியே நின்றது. நவநீதன் மெதுவாக எழுந்து நின்றான். இரண்டரை விநாடி முடிந்தும் அறையில் யாரும் அசையவில்லை, நான் மட்டும் குனிந்து மறுபடி பட்டனை அழுத்தினேன்.

"நல்லாருக்கு. முடிக்கிறப்போ மட்டும் வாயை மூடிடாதே ஹேமா" என்றேன். "யாராவது வர்றாங்களான்னு கேக்கிற மாதிரி, திறந்தே வச்சிரு."